ஓரம் வெட்டிய பிரதி

1

பெங்களூருக்கு வந்து இந்த வைகாசியோடு இருபத்தொரு வருடம் முடிகிறது. சிவகாசியில் சொன்னால் சிரிப்பார்கள். சாயங்காலம் ரயில் ஏறினால் காலையில் இறங்கிவிடலாம், அதற்குப் பெயர் அயலூர் வாழ்க்கையா என்பார்கள். இறங்குவது எளிதுதான். அதற்குப் பிறகு கேஸ் இணைப்புக்கு, வாடகை ஒப்பந்தத்துக்கு, மகளின் பள்ளிச் சேர்க்கைக்கு என்று ஒவ்வொரு மேஜை முன்னாலும் நின்று, "எந்த ஊர்?" என்ற கேள்விக்கு இரண்டு ஊரையும் சொல்லி, இரண்டுக்கும் சரியான காகிதம் இல்லாமல் திரும்பி வருவதுதான் ஆளைத் தேய்க்கிறது.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பது ஊரிலிருக்கும் அண்ணனுக்கு இன்னும் விளங்கவில்லை. போனில் பேசும்போதெல்லாம் கேட்பான்.

"பழைய பேப்பர் கடைதான அது?"

"கடை இல்லண்ணே. பழைய காமிக்ஸ் புத்தகத்தைப் பாத்து, அது என்ன நெலமைல இருக்குன்னு எழுதணும்."

"அதுக்கு ஒரு ஆபீஸு, ஒரு சம்பளம்?"

"ஆமா."

"சரி, நல்லா இருங்க."

அவனைப் போல் கேட்பவர்களுக்காக ஒருமுறை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். லிங்கராஜபுரத்தில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். ஜோயல் என்பவர் நடத்துகிறார். என்னைவிடப் பத்து வயது சின்னவர், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். வீட்டில் பழைய காமிக்ஸ் சேர்த்து வைத்திருப்பவர்கள் எங்களிடம் கொண்டு வருவார்கள். நான் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்ப்பேன். ஸ்டேப்பிள் துருப்பிடித்திருக்கிறதா, முதுகில் மடிப்பு விழுந்திருக்கிறதா, தாள் எவ்வளவு பழுத்திருக்கிறது, யாராவது பேனாவால் பெயர் எழுதியிருக்கிறார்களா என்று குறித்துக்கொள்வேன். தேறும் என்று தோன்றுவதை வெளிநாட்டில் இருக்கும் ஒரு நிறுவனத்துக்கு அனுப்புவோம். அவர்கள் அதை மறுபடி சோதித்து, பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, கண்ணாடி போன்ற கெட்டிப் பிளாஸ்டிக்குள் வைத்து மூடி அனுப்புவார்கள். அதற்கு ஸ்லாப் என்று பெயர். மூடிய பிறகு அந்தப் புத்தகத்தை யாரும் திறந்து படிக்க முடியாது. திறந்தால் மதிப்பெண் செல்லாது. அப்படி மூடி வந்ததை இணையத்தில் ஏலம் விடுவோம்.

எட்டு வருடமாக இதைச் செய்கிறேன். அந்த லேபிள்களில் எந்த இடத்திலும் என் பெயர் வராது. வர வேண்டும் என்று நான் நினைத்ததும் இல்லை.

2

மதிப்பெண் வாங்கித் திரும்பி வரும் பார்சல்கள் சுங்க அலுவலகத்தில் நிற்கும். போய் விளக்கம் சொல்லி எடுத்து வருவது என் பொறுப்பு. அங்கே இருப்பவர்கள் மோசமானவர்கள் இல்லை. இவ்வளவு பழைய தாளுக்கு இவ்வளவு மதிப்பு ஏன் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். என் அண்ணனும் அதைத்தான் கேட்கிறான்.

முதல் வருடம் ஒரு அதிகாரி பெட்டியைக் காட்டி, "ஏனு இது?" என்றார். எனக்குக் கன்னடம் அப்போதும் அரைகுறை, இப்போதும் அரைகுறை. தைரியமாக, "ஹளே கத்தெ புஸ்தகா சார்" என்றேன். அறை முழுக்கச் சிரித்தது. எனக்குக் காரணம் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து மகள் நிவேதாவிடம் சொன்னேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அம்மா! கதென்னாதான் கதை. கத்தென்னா கழுதை. பழைய கழுதை புக்குன்னு சொல்லிட்டு வந்திருக்க."

அன்றைக்கு இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவளுக்கு அப்போது எட்டு வயது. இப்போது பதினாறு. இப்போது என் கன்னடத்தைக் கேட்டால் சிரிப்பதில்லை. கொஞ்சம் தள்ளி நின்றுகொள்கிறாள். கடைக்காரரிடம் நான் பேச ஆரம்பித்தால், "நான் பேசறேன், நீ விடும்மா" என்பாள். தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. நான் வேலைக்காக வீட்டுக்குக் கொண்டு வரும் தமிழ் காமிக்ஸில் படங்களை மட்டும் பார்த்துவிட்டு, முடிவு என்ன என்று என்னைக் கேட்பாள். படித்துக் காட்டட்டுமா என்றால், "வேணாம், சும்மா சொல்லு, போதும்" என்பாள்.

போன விடுமுறைக்குச் சிவகாசிக்கு டிக்கெட் எடுக்க உட்கார்ந்தபோது, "உங்க ஊருக்கு எத்தனை நாளு?" என்று கேட்டாள். உங்க ஊர். சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு மொபைலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மேல் தப்பு இல்லை. அவள் ஊர் இதுதான்.

3

போன டிசம்பரில் ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. டெய்சி மிஸ். பள்ளிக்கூடத்தில் பாட்டு சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர், எழுபது வயதுக்கு மேல். அவருடைய தம்பி விக்டர் இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. விக்டரை எங்கள் துறையில் தெரியாதவர்கள் கிடையாது. முப்பது வருடத்துக்கு மேல் காமிக்ஸ் சேர்த்தவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அக்கா வீட்டு மாடியிலேயே இருந்தார். அவ்வப்போது எங்கள் மூலமாகவும் விற்றிருக்கிறார். அவர் கொடுத்த பிரதி என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்கள்.

மாடி அறையில் பதினொரு இரும்புப் பெட்டிகள் இருந்தன. ஒவ்வொரு புத்தகமும் தனி உறையில், பின்னால் அட்டை வைத்து, நூல் பிடித்த மாதிரி அடுக்கியிருந்தது. ஜோயல் அறை வாசலில் நின்றபடியே, "அக்கா, விக்டர் கலெக்‌ஷன்னு பேரு போட்டே தனி ஏலம் விட்டுடலாம்" என்றார். டெய்சி மிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தம்பி பெயர் அச்சில் வரப்போகிறது என்பது அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

கீழே ஹாலில் காபி கொடுத்தார். மூலையில் கிறிஸ்துமஸ் குடில் போட்டிருந்தார். மாதா, சூசையப்பர், ஆடுகள், எல்லாம் சுண்ணாம்புப் பொம்மைகள். நான் குனிந்து பார்த்தேன். குழந்தை யேசுவுக்குக் கீழே பரப்பியிருந்தது வைக்கோல் இல்லை, காகிதம். நூல் போல மெல்லிய காகிதச் சீவல்கள். சிலது பழுப்பு வெள்ளை, சிலதன் ஒரு பக்கத்தில் மட்டும் சிவப்பும் நீலமும் மஞ்சளும்.

"இது நல்லாருக்கே மிஸ். எங்க வாங்கினீங்க?"

"வாங்கறதா? விக்டர் குடுப்பான் ராணி. வருஷா வருஷம் ஒரு கேக் டப்பா நெறைய வரும். மேல ஒரு சின்ன மெஷின் வெச்சிருப்பான், உக்காந்து கட் பண்ணிட்டே இருப்பான். கோணலா இருந்தா அவனுக்குப் பிடிக்காது. சட்டைக் காலரே கோணலா இருக்கக் கூடாது அவனுக்கு."

கையிலிருந்த காபியைக் குடித்து முடித்தேன். என்ன ருசி என்று தெரியவில்லை.

4

என் அப்பா சிவகாசியில் ஒரு அச்சகத்தில் கட்டிங் மெஷின் ஓட்டினார். காலண்டர், நோட்டுப் புத்தகம், வார இதழ், சில வருடங்கள் காமிக்ஸும். பள்ளிக்கூடம் விட்டு வந்து அவருக்குச் சாப்பாடு கொண்டுபோய் கொடுப்பேன். எனக்கு அந்த இடம் பிடிக்காது. இரைச்சல், மை வாடை, வெயில். எப்போதடா இந்த ஊரைவிட்டுப் போவோம் என்றிருக்கும். ஆனால் பத்து வருடம் பார்த்தது கண்ணில் தங்கிவிட்டது.

அந்தக் காலத்துக் காமிக்ஸ் எதுவும் நேராக வெட்டப்பட்டதில்லை. ஒரே சமயத்தில் கட்டுக் கட்டாக வைத்து அழுத்துவார்கள். கட்டு லேசாக நழுவும். மேல் ஓரம் ஒரு பக்கம் ஏறும், கீழ் ஓரம் ஒரு பக்கம் இறங்கும். அப்பா அதற்காகத் திட்டு வாங்காத நாள் குறைவு. அவர் ஒன்று சொல்வார்: "பிளேடுல ஒரு பல்லு விழுந்துட்டா, வெட்டுன தாளு அத்தனையும் அதச் சொல்லிரும்."

மறுநாள் அலுவலகத்தில் விக்டரின் பெட்டிகளில் இருந்த தமிழ்ப் பிரதிகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். எல்லாம் நேர். மூலை எல்லாம் ஊசி மாதிரி. எங்கள் அலமாரியில் இருந்த அதே இதழ்களின் வேறு பிரதிகள் கோணலாக, நியாயமாக இருந்தன. விக்டருடையவை அவற்றைவிட ஒரு அரிசி அளவு சின்னதாகவும் இருந்தன. பூதக்கண்ணாடி வைத்தபோது கீழ் ஓரத்தில், முதுகிலிருந்து மூன்று விரல் தள்ளி, ஒரு சின்னப் பிசிறு தெரிந்தது. பத்துப் புத்தகம் பார்த்தேன். பத்திலும் அதே இடத்தில் அதே பிசிறு.

ஓரம் பழுத்து, நைந்து போன புத்தகத்தை மெல்லிதாக வெட்டிவிட்டால் புதிது போலாகிவிடும். எங்கள் தொழிலில் அது பெரிய குற்றம். தெரிந்தால் மதிப்பெண் விழுந்துவிடும். விக்டருக்கு அது தெரியாமல் இருந்திருக்காது.

அதைவிட மோசமான ஒன்று பாக்கி இருந்தது. நாலு வருடம் முன்பு விக்டர் எங்கள் மூலமாக ஒரு தமிழ் காமிக்ஸின் முதல் இதழை விற்றார். வெளிநாட்டில் ஒன்பதரை போட்டு அனுப்பினார்கள். ஜீவனஹள்ளியில் இருக்கும் சீனிவாசன் என்ற லிஃப்ட் மெக்கானிக் அதை ஏலத்தில் எடுத்தார். அனுப்புவதற்கு முன் நான் எடுத்த ஸ்கேன் கணினியில் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். கீழ் ஓரம், மூன்று விரல் தள்ளி, பிசிறு. என் குறிப்பும் பக்கத்திலேயே இருந்தது: "அழகான பிரதி. ஓரங்கள் மிகக் கூர்மை."

அப்பாவின் மகள்தான் அதை எழுதியிருந்தாள்.

5

ஜோயல் முதலில் நம்பவில்லை. பிறகு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, கிரேடு போடறது நாம இல்ல. அவங்க கண்டுபிடிச்சா கண்டுபிடிக்கட்டும். இல்லன்னா விடுங்க."

"அவங்க ஏற்கெனவே ஒரு தடவை கண்டுபிடிக்கல ஜோயல். நானும் கண்டுபிடிக்கல."

"அது நாலு வருஷக் கதை. இப்ப ஏங்க்கா அத தோண்டி பேஜார் பண்றீங்க? அந்த ஆளு சந்தோஷமா இருக்காரு."

"இப்ப எனக்குத் தெரியுமே."

வெகுநேரம் பேனாவைத் திருகிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், அதனால்தான் கஷ்டப்பட்டார். கடைசியில், "டெய்சி மிஸ்கிட்ட நீங்களே சொல்லுங்க. அவங்க சரின்னா, ஓரம் வெட்டியதுன்னு போட்டே ஏலம் விடலாம்" என்றார்.

டெய்சி மிஸ்ஸிடம் சொல்ல எனக்கு மூன்று வாரம் பிடித்தது. போனபோது குடிலைக் கலைத்துப் பெட்டியில் வைத்திருந்தார். நான் சொல்லச் சொல்ல, பியானோ மூடியின் மேல் கையை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீ சொல்றது, விக்டர் ஏமாத்துக்காரன்னு. அதானே?"

"அப்படி இல்ல மிஸ். புத்தகத்துல இருக்கறத எழுதணும். அவ்வளவுதான்."

"எழுதினா படிக்கறவன் என்ன நெனப்பான்?"

நான் குடில் வைத்திருந்த பெட்டியைப் பார்த்தேன்.

"அவன் செத்து ஒரு வருஷம் முடியல. எழுந்து வந்து பதில் சொல்ல அவனால ஆகாது. எல்லாத்தையும் நீட்டா வெச்சுக்கணும்னு ஆசப்பட்டான். அது ஒரு தப்பா ராணி?"

"விக்கறப்ப சொல்லியிருக்கணும் மிஸ்."

என் வாயிலிருந்து அது அவ்வளவு கடினமாக வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவர் எழுந்து வாசல் கதவைத் திறந்து வைத்தார். கோபமாகக்கூட இல்லை. "பெட்டியெல்லாம் திருப்பி அனுப்பிடுங்கம்மா" என்றார்.

அனுப்பிவிட்டோம். சித்திரையில் வேறொரு ஊர் வியாபாரியின் ஏலப் பட்டியலில் அவற்றைப் பார்த்தேன். விக்டர் கலெக்‌ஷன் என்றே பெயர். எல்லாம் நல்ல மதிப்பெண். ஓரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கேட்டு எழுதினேன். பதில் வரவில்லை. ஜோயல் பட்டியலைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. இரண்டு வாரம் அலுவலகத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான்.

உண்மையைச் சொல்லி நான் சாதித்தது என்னவென்று யோசித்தால், ஒரு வயதான அம்மாவை நோகடித்தேன், ஒரு நல்ல முதலாளிக்கு நஷ்டம் வைத்தேன், புத்தகங்கள் எப்படியும் ஏலத்துக்குப் போய்விட்டன. இதைச் சொல்ல ஊரில் யாரும் இல்லை. அண்ணனிடம் சொன்னால், பழைய பேப்பரில் ஓரம் இருந்தால் என்ன இல்லாவிட்டால் என்ன என்பான். நிவேதாவிடம் சொன்னேன். முழுதும் கேட்டாள்.

"அந்த லிஃப்ட் அங்கிள்கிட்ட சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல."

"அப்ப மத்தவங்ககிட்ட மட்டும் சொன்னியா?" என்றாள்.

அவள் குத்திக்காட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதனால்தான் அது வலித்தது.

6

போன ஞாயிற்றுக்கிழமை ஜீவனஹள்ளிக்குப் போனேன். நெருக்கமான தெருவில் முதல் மாடியில் ஓரறை வீடு. சீனிவாசன் ஐம்பதை நெருங்குகிறவர். அவர் மனைவி கஸ்தூரி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். புத்தகம் சுவரில் மாட்டியிருந்தது, வெயில் படாத சுவரில், சாமி படங்களுக்குச் சமமான உயரத்தில்.

நான் உட்காராமலே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று தோன்றியது. யார் வெட்டியது என்று சொல்லவில்லை, எப்படித் தெரிந்தது என்று சொன்னேன். அப்போதே நான் கண்டுபிடித்திருக்க வேண்டும், தவறவிட்டுவிட்டேன் என்றும் சொன்னேன்.

"இன்னா மேடம் சொல்றீங்க?" என்று மறுபடி சொல்ல வைத்தார். மறுபடி சொன்னேன்.

"எவ்ளோ வெட்டியிருக்கான்?"

இரண்டு விரல் நகத்தை வைத்துக் காட்டினேன். "ஒரு அரிசி அளவு. மூணு பக்கமும்."

"எழுத்து, படம் எதனா போச்சா?"

"இல்ல. வெத்து ஓரம் மட்டும்."

எழுந்து போய் ஸ்லாபைச் சுவரிலிருந்து இறக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"ஓரந்தானே, நான் இத நம்பருக்காகவா வாங்கினேன், சின்ன வயசுல படிச்சதுன்னு வாங்கினேன்..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். "இல்ல மேடம். பொய் சொல்லக் கூடாது. நம்பருக்காகத்தான் வாங்கினேன். ஸ்கூல்ல நான் பத்துக்கு மூணு தாண்டினதில்ல. பத்துக்கு ஒம்பதரை என் வீட்டுக்கு வந்தது இது ஒண்ணுதான். சைட்ல இருக்கற அத்தன பேருக்கும் போட்டோ காட்டியிருக்கேன்."

கஸ்தூரி கீரையை வைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கம்பெனில திருப்பி எடுத்துக்குவோம். ஜோயல்கிட்ட பேசிட்டேன்" என்றேன். பேசியிருந்தேன். போய் வாங்க என்று அவர் தலையசைத்ததுதான் அந்த இரண்டு வாரத்தில் எங்களுக்குள் நடந்த முதல் பேச்சு.

"எடுத்துட்டு?"

"எடுத்துட்டு... வேற லேபிள் போட்டு வெப்போம்."

"வேணாம் மேடம். இது இங்கயே இருக்கட்டும்." ஸ்லாபின் மேலிருந்த தூசியைச் சட்டை நுனியால் துடைத்தார். "ஆனா நாளைக்கு நான் போயிட்டேன்னு வெச்சுக்கங்க. இவளோ பசங்களோ எவன்கிட்டயாவது குடுப்பாங்க. அவன் இந்த நம்பரப் பாத்து வாங்குவான். அவனுக்கும் இதே மாதிரி யாராவது வந்து சொல்லணுமே."

கதவு ஓரத்தில் கிடந்த வேலைப் பையைத் திறந்து துழாவி, ஒரு ஸ்டிக்கர் தாளை எடுத்தார். லிஃப்டைச் சோதித்து முடித்ததும் உள்ளே ஒட்டுவார்களே, அது. கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் கட்டங்கள் அச்சடித்திருந்தன. ஒன்றை உரித்து ஸ்லாபின் பின்பக்கம் பதமாக ஒட்டி, விரலால் நீவிவிட்டார். பிறகு பேனாவை என்னிடம் நீட்டினார்.

"நீங்களே எழுதுங்க. நான் எழுதினா எவனும் மதிக்க மாட்டான்."

"எந்த பாஷைல எழுதட்டும்?"

"புக்கு தமிழுதான மேடம். தமிழ்லயே எழுதுங்க."

குறை என்ற கட்டத்தில், "மூன்று ஓரமும் பின்னால் வெட்டப்பட்டது. அச்சுக்குச் சேதமில்லை" என்று எழுதினேன். அதற்குக் கீழே சோதித்தவர் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. அங்கே பேனா நின்றுவிட்டது. ம. செல்வராணி, சிவகாசி என்று எழுதி, சிவகாசியை அடித்துவிட்டு, லிங்கராஜபுரம் என்று எழுதினேன். பிறகு அதை அடிக்காமல், சிவகாசியையும் பக்கத்தில் மறுபடி எழுதினேன். கட்டத்துக்குள் இடம் போதாமல் கடைசி எழுத்து கோட்டைத் தாண்டிப் போயிற்று.

கடைசியாக ஒரே ஒரு கட்டம் மீதி இருந்தது. உபயோகத்துக்கு ஏற்றதா, ஆம், இல்லை. நான் என்ன போடுவது என்று தயங்கிக்கொண்டிருந்தபோது, சீனிவாசன் என் கையிலிருந்து பேனாவை வாங்கி, ஆம் என்பதில் ஒரு டிக் அடித்தார்.